ஹிஸாரும் அமானும்: கணினி விளையாட்டுகளில் கோட்டை முற்றுகை

ஸுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை எழுதிய காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாதின் நூலிலிருந்து அக்கா முற்றுகைப் பகுதியை, அரபு உரைநடைப் பயிற்சியின் பொருட்டு, மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். ஃபரங்கிகள் 1189 ஆகஸ்டில் அந்நகரை வளைத்தனர். 1191 ஜூலையில்தான் அது அவர்கள் கைக்குப் போயிற்று என்று கூறிய இடத்தில் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி கோட்டையை நாங்க இருபது நிமிஷத்துல புடிச்சிருவோம். இவங்களுக்கு ஏன் ரெண்டு வருஷம் ஆச்சு?" என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். எனினும் அக்கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. பதில் கூற வேண்டுமாயின் அந்த இருபது நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும் அல்லவா? வெள்ளி விடுமுறைக்கு முந்திய வியாழன் மாலைகள் சிலவற்றை அதற்கென ஒதுக்கினோம். அம்மாணவர் விளையாட, நாம் அருகில் அமர்ந்து பார்த்தோம். ஓரிரு முறை மவுஸை நாமே வாங்கி ஆடித் தோற்றதும் உண்டு.

இவ்விளையாட்டுகள் கூடுமா, கூடாதா என்னும் மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. அதை ஃபத்வா எழுதுவோரிடம் விட்டுவிடுவோம். ஒரு நாவலையோ திரைப்படத்தையோ திறனாய்வது போல இவற்றையும் திறனாயலாம் என்று நாம் கருதுகிறோம். காரணம் எளிது. சலாஹுத்தீன் என்னும் பெயரை இன்றைய இளைஞர்களில் பலர் முதலில் கேள்வியுறுவது புத்தகத்தில் அன்று, இங்கேதான். 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் விளையாட்டில் அவர் பெயரிலேயே ஒரு தொடர் இருக்கிறது. பைத்துல் முகத்தஸ் முற்றுகை அதன் ஒரு கட்டம். 2002இல் வந்த 'ஸ்ட்ராங்ஹோல்ட் க்ரூஸேடர்' விளையாட்டில் அவர் ஓர் எதிரணித் தலைவர். 2023இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' விளையாட்டுக்கு வந்த விரிவாக்கம் சிலுவைப் போர்களை முஸ்லிம்களின் பக்கத்திலிருந்து சொல்ல முற்பட்டது. ஆகவே இவ்விளையாட்டுகள் முற்றுகை என்று எதைக் காட்டுகின்றன என்பது நமக்கும் உரிய கேள்வியே.

முதலில் மதிலைப் பார்ப்போம். பழைய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் வாள்வீரர்கள் கருங்கல் மதிலின் முன் நின்று அதை வாளால் வெட்டுகிறார்கள். மதிலுக்கு உயிர் என்று ஓர் எண் உண்டு. வெட்ட வெட்ட அது குறையும். பூஜ்யம் ஆனதும் மதில் மறைந்துவிடும். வாளால் கல்லை வெட்டிக் கோட்டை பிடித்தவரை எந்த வரலாற்றாசிரியரும் கண்டதில்லை. ஷைஸர் கோட்டையின் இளவரசர் உஸாமா இப்னு முன்கித், தம் 'கிதாபுல் இஃதிபார்' நூலில், ஹிஜ்ரி 509ஆம் (கி.பி. 1115) ஆண்டுக் கஃபர்தாப் முற்றுகையை விவரிக்கிறார். குராஸானிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் கோபுரத்தின் அடிவரை குடைந்து, குடைந்த இடத்திற்கு மரக்கால் நிறுத்தி, பின்னர் அதில் உலர்ந்த விறகை நிரப்பித் தீயிட்டனர். அவ்வேலையின் நுட்பத்தைக் காண உஸாமா தாமே சுரங்கத்தினுள் நுழைந்து பார்த்தார். தீ பரவியதும் கற்களுக்கிடையே இருந்த சாந்து உதிர்ந்தது, பிளவு கண்டது, கோபுரம் சரிந்தது. உள்ளே பாய்ந்துவிடலாம் என்று காத்திருந்தவர்கள் பார்த்தால், விழுந்தது வெளிச்சுவர் மட்டும். உட்சுவர் அப்படியே நின்றது!

அந்த உட்சுவரைத்தான் விளையாட்டுகளில் நாம் தேடுகிறோம். மதில் இருக்கிறது அல்லது இல்லை என்னும் இரண்டே நிலைகள் போதா. பாதி விழுந்த மதிலின் முன் நின்று அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் நிலைதான் முற்றுகையின் இயல்பான நிலை. சுரங்கம் தோண்டும் வாய்ப்பு 2004ஆம் ஆண்டின் 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டில் இருந்தது. அதே நிறுவனம் 2006இல் 'மிடீவல் 2: டோட்டல் வார்' விளையாட்டை வெளியிட்டபோது அது காணாமற்போயிற்று. சுரங்கக் கலையின் பொற்காலமாகிய இடைக்காலத்தைப் பற்றிய விளையாட்டிலிருந்தே அதை நீக்கியிருப்பது விந்தை. மாறாக, 2021இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4'இல் கல்மதிலை முற்றுகைப் பொறிகள் மட்டுமே தகர்க்க முடியும். வீரர்கள் மதில்மேல் ஏறி நிற்கவும் முடியும். இது நல்ல திருத்தம். வாளால் கல்லை வெட்டும் வேடிக்கை அத்துடன் ஒழிந்தது.

பொறிகளைப் பொறுத்தவரை இன்னொரு குறை. மஞ்சனீக் என்னும் கல்லெறி பொறியின் வகைகளை முர்ளா அத்தர்ஸூஸி, ஸுல்தான் சலாஹுத்தீனுக்கென எழுதிய படைக்கல நூலில் விரித்துரைக்கிறார். விளையாட்டில் அப்பொறி ஒரு பட்டறையிலிருந்து சில நொடிகளில் வெளியே வந்து, தானே உருண்டு போய், போர்க்களத்தில் நிற்கிறது. உண்மையில் எப்படி? அறிஞரும் பின்னாளில் ஹமா நகரின் ஆட்சியாளருமான அபுல் ஃபிதா, 1291ஆம் ஆண்டு அக்கா முற்றுகையில் இளம் அதிகாரியாகப் பங்கேற்றவர். ஹிஸ்னுல் அக்ராத் கோட்டையிலிருந்து 'மன்ஸூரி' என்னும் பெரிய மஞ்சனீக்கைப் பிரித்து நூறு வண்டிகளில் ஏற்றினார்கள். அவற்றில் ஒரு வண்டி அவருடைய பொறுப்பு. குளிர்காலம், மழை, பனி. வண்டி மாடுகள் வழியிலேயே செத்து விழுந்தன. வழக்கமாக எட்டு நாளில் கடக்கும் தூரத்திற்கு ஒரு மாதம் பிடித்தது. முற்றுகை என்னும் கலையில் பாதி அந்த ஒரு மாதம்தான். அதை விட்டுவிட்டு, கல் பறந்து சென்று மோதும் காட்சியை மட்டும் மேன்மேலும் அழகாக்கிக்கொண்டிருப்பது, சமையலைக் கற்பிக்க வந்தவர் பரிமாறும் தட்டை மட்டும் துலக்கிக்கொண்டிருப்பது போல.

அடுத்து உணவு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வீரன் பிறக்கும்போது ஒரே ஒரு முறை உண்கிறான். அதன்பின் ஆயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் ஒரு மதிலைச் சூழ்ந்து நின்றாலும் ஒருபிடி தானியம் குறைவதில்லை. 'மிடீவல் 2' இதில் சற்று மேல். உள்ளிருப்போர் இன்னும் எத்தனை சுற்றுக்குத் தாக்குப்பிடிப்பர் என்று கணக்குக் காட்டுகிறது. ஆனால் அவ்விளையாட்டில் ஒரு சுற்று என்பது நாட்காட்டிப்படி இரண்டு ஆண்டு! அக்கா முற்றுகை முழுவதும் அதில் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' (2013) விளையாட்டில் முப்பது நாளுக்கு ஒருமுறை பகடை உருள்கிறது. கோட்டையில் உணவுத் தட்டுப்பாடு, தண்ணீர்த் தட்டுப்பாடு, வீரர் சிலர் ஓடிப்போதல், மதிலில் பிளவு என்று செய்தி வருகிறது. சில வேளை முற்றுகையிடுவோர் கூடாரங்களிலேயே கொள்ளைநோய் புகுகிறது. காட்சி என்று எதுவும் இல்லை. வெறும் எண்களும் ஒரு சிறு பட்டையும்தான். இருப்பினும் நாம் பார்த்தவற்றுள் உண்மைக்கு மிக அருகில் வருவது இந்த அழகற்ற பகடைதான். மாணவருக்கு இதில் உடன்பாடில்லை. "அதுல பாக்க ஒண்ணும் இல்லையே ஹஜ்ரத்" என்றார்.

'ஸ்ட்ராங்ஹோல்ட் க்ரூஸேடர்' உள்ளிருப்போரின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறது. களஞ்சியத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் குறைந்தால் பங்கீட்டைக் குறைக்க வேண்டும்; குறைத்தால் மக்களின் ஆதரவு போகும். சுரங்கம் தோண்டுவோரும் அதில் உண்டு. இதற்காக அதைப் பாராட்டலாம். அதில் 'கலீஃபா' என்று பெயரிட்டு ஒரு கொடுங்கோலனைப் படைத்திருப்பதற்காகப் பாராட்ட இயலாது.

இங்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவின் சிறப்பே அது இரட்டை முற்றுகை என்பதுதான். நகரத்தை ஃபரங்கிகள் வளைத்தார்கள். ஃபரங்கிகளை ஸுல்தானின் படை வளைத்தது. நகருக்குள் பஞ்சம், வெளியே ஃபரங்கிப் பாசறையிலும் பஞ்சம். பெய்ரூத்திலிருந்து வந்த தானியக் கப்பலின் மாலுமிகள் தாடியை மழித்து, ஃபரங்கி உடை அணிந்து, மேல்தளத்தில் பன்றிகளைத் தெரியும்படி நிறுத்திவைத்து, எதிரியின் கப்பல்களுக்கு நடுவே புகுந்து துறைமுகத்தை அடைந்த செய்தியை இப்னு ஷத்தாத் பதிவு செய்துள்ளார். ஈஸா என்னும் நீச்சல்காரர் இடுப்பில் பொற்காசுகளையும் கடிதங்களையும் கட்டிக்கொண்டு இரவில் எதிரிக் கப்பல்களின் அடியில் மூழ்கி நகருக்குள் செல்வார். ஒருநாள் அவர் வரவில்லை. சில நாள் கழித்து அவருடைய உடல் கரை ஒதுங்கியது. காசும் கடிதமும் இடுப்பில் அப்படியே இருந்தன. இறந்த பின்னும் அமானிதத்தை ஒப்படைத்தவர் என்று காழி வியக்கிறார். 1190இல் மதிலினும் உயர்ந்த மூன்று மரக்கோபுரங்களை ஃபரங்கிகள் கொணர்ந்தபோது அவற்றை எரித்தவர் தளபதி எவரும் அல்லர். நஃப்து கலவை செய்யத் தெரிந்த டமாஸ்கஸ் இளைஞர் ஒருவர், செம்புப் பாத்திரத் தொழிலாளர் குடும்பத்தவர். பரிசைக்கூட அவர் ஏற்கவில்லை. ஒரு புறா, ஒரு நீச்சல்காரர், ஒரு செம்புத் தொழிலாளி. இத்தகையோருக்கு நாம் பார்த்த விளையாட்டுகளில் இடமே இல்லை. உள்ளிருப்போரின் வேலை மதில்மேல் நின்று அம்பெய்வதோடு முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியர் கோட்டையை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்னும் ஒரே திணைக்குள் வைத்தார் என்பதும், காத்தலை நொச்சி என்று தனித்திணையாகப் பிரித்தது பிற்கால மரபு என்பதும் தமிழ் கற்றோர் அறிந்ததே. இவ்விஷயத்தில் தொல்காப்பியர் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. ஒரு முற்றுகையின் இருபுறமும் சேர்ந்தே ஒரு நிகழ்ச்சி.

உள்ளிருப்போர் என்றால் படைவீரர் மட்டுமா? 'மிடீவல் 2'இல் மதிலைத் தகர்த்து உள்ளே நுழைந்தால் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கடைகள் உண்டு, வீடுகள் உண்டு, மனிதர் இல்லை. மஞ்சனீக் கல் எந்த வீட்டின்மேல் விழுந்தாலும் அதனால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளும் கைதிகளும் இருக்கும் நிலையில் கல்லெறியலாமா, எறிந்தால் எந்த எல்லைவரை என்று நம் ஃபுகஹாக்கள் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். அவர்கள் விவாதித்த சிக்கலே இங்கு எழவில்லை. ஊரைக் காலிசெய்துவிட்டுத்தான் முற்றுகையைத் தொடங்குகிறார்கள். முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். 1992 முதல் 1996 வரை நீடித்த ஸராயேவோ முற்றுகையை மனத்தில் கொண்டு 2014இல் போலந்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டில் படைத்தலைவன் என்று எவரும் இல்லை. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சிலர் இரவில் ரொட்டி தேடிப் போகிறார்கள், அவ்வளவே. அது வியூக விளையாட்டு அன்று என்பது உண்மை. ஆனால் முற்றுகையின் உட்புறம் கணினியில் காட்டத்தக்கதே என்பதற்கு அது போதிய சான்று.

இதுவரை சொன்னவை யாவும் சிறு குறைகள். பெருங்குறைக்கு வருவோம். 'மிடீவல் 2'இல் நகரம் வீழ்ந்ததும் திரையில் மூன்று வழிகள் காட்டப்படுகின்றன: ஆக்கிரமிப்பு, சூறையாடல், மக்களைக் கொன்றொழித்தல். வென்ற பிறகு கேட்கப்படும் கேள்வி இது. வெல்வதற்கு முன், மதிலின் இருபுறமும் மனிதர்கள் நின்று பேசும் பேச்சுக்கு இடமே இல்லை. நம் நூல்களிலோ அந்தப் பேச்சுதான் முற்றுகையின் மையம். அதற்கு அமான் என்று பெயர்.

ஒரு நகரம் 'ஸுல்ஹன்' வென்றதா, 'அன்வதன்' வென்றதா, அதாவது உடன்படிக்கையாலா, வாள்வலிமையாலா என்னும் வினா ஃபிக்ஹிலும் வரலாற்றிலும் எத்துணை முதன்மையானது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்நகரின் நிலவரியும் வழிபாட்டிடங்களும் அதைப் பொறுத்தே அமைந்தன. டமாஸ்கஸின் கிழக்கு வாயிலில் காலித் பின் வலீத் (ரலி) ஒருவிதமாகவும், ஜாபியா வாயிலில் அபூ உபைதா (ரலி) வேறுவிதமாகவும் நுழைந்து நகர நடுவில் சந்தித்தனர் என்னும் செய்தியில் அறிவிப்பாளர்கள் வேறுபடுகின்றனர். அவர்கள் அவ்வளவு வேறுபட்டதற்குக் காரணமே அந்தக் கேள்விக்கிருந்த கனம்தான். உமர் (ரலி) காலத்தில், ஒரு கோட்டை முற்றுகையின்போது, முஸ்லிம் படையிலிருந்த அடிமை ஒருவர் அமான் எழுதி அம்பில் கட்டி உள்ளே எய்துவிட்டார். கோட்டைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தளபதிகள் திகைத்துக் கலீஃபாவுக்கு எழுத, அந்த அடிமையும் முஸ்லிம்களில் ஒருவரே, அவர் கொடுத்த அமான் செல்லும் என்று பதில் வந்தது. ஒரு விளையாட்டில் இப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் ஆடுபவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடமாட்டாரா?

அமான் என்பது இரக்கம் மட்டும் அன்று; அது ஒரு போர்முறை. விளையாட்டைச் செய்வோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். 1187 ஜூலையில் ஹித்தீன் வெற்றிக்குப் பின் ஸுல்தான் அக்கா, ஸைதா, பெய்ரூத், அஸ்கலான் என்று நகரங்களை வாரக்கணக்கில் பெற்றார். உயிருக்கும் பொருளுக்கும் அமான் தந்தார்; தந்ததைக் காப்பாற்றினார். அடுத்த நகரத்தார் அதைக் கேள்விப்பட்டுக் கதவைத் திறந்தார்கள். செப்டம்பர் 20இல் பைத்துல் முகத்தஸ் முற்றுகை தொடங்கியது. மதிலின் ஒரு பகுதியைச் சுரங்கக்காரர்கள் வீழ்த்திய பின்னர், உள்ளிருந்த பாலியன் வெளியே வந்தார். 1099இல் ஃபரங்கிகள் செய்தது போலவே தாமும் வாளால் நுழைவதாக ஸுல்தான் முதலில் கூறினார். அமான் இல்லையெனில் உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்று, ஸக்ராவையும் இடித்துவிட்டுச் சாகும்வரை போரிடுவோம் என்றார் பாலியன். இறுதியில் ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து, நாற்பது நாள் தவணை என்று முடிவாயிற்று. அக்டோபர் 2, ரஜப் 27இல் நகரம் கைமாறியது. 2005இல் வந்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' திரைப்படம் அந்த உரையாடலையே தன் உச்சக்காட்சியாக வைத்தது. பேச்சுவார்த்தை சலிப்பூட்டும் என்று விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் கருதினால் அதையாவது பார்க்கலாம்.

சரி, அமான் தருவதே எப்போதும் ஆதாயமாயின் விளையாட்டில் சுவை ஏது? இங்குதான் இப்னுல் அஸீர் வருகிறார். நகரந்தோறும் அமான் பெற்று வெளியேறிய ஃபரங்கி வீரர்களும் வணிகர்களும் எங்கே போனார்கள்? ஸூர் துறைமுகத்திற்கு. அங்கே அவர்கள் திரண்டு அந்நகரை வலிமைப்படுத்தினர். இதற்கு ஸுல்தானையன்றி வேறெவரையும் குறைகூற முடியாது என்று அவ்வரலாற்றாசிரியர் ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். அக்காவை 1189இல் முற்றுகையிடப் படை கிளம்பியதும் ஸூர் பகுதியிலிருந்துதான். ஆக, அமான் தந்தால் இன்றைய நகரம் விரைவில் கிட்டும், நாளைய நகரம் கடினமாகும். மறுத்தால் இன்று இரத்தம் சிந்தும். அடுத்த நகரமும் கடைசி ஆள்வரை போரிடும். எந்தப் பகடையும் தராத இக்கட்டு அல்லவா இது?

இதன் மறுபக்கம் 1191இல் தெரிந்தது. ஸுல்தானின் ஒப்புதல் கிட்டுமுன்னரே அக்காவின் காவற்படை சரணடைந்துவிட்டது. இரண்டு லட்சம் தீனார், கைதிகள் விடுதலை, சிலுவையைத் திருப்பித் தருதல் என்பன நிபந்தனைகள். தவணைகளில் இழுபறி நேர்ந்தபோது, ஆகஸ்ட் 20ஆம் நாள், ரிச்சர்ட் மன்னர் அக்கைதிகளை வெளியே கொணர்ந்து வெட்டச் செய்தார். ஏறத்தாழ 3000 பேர் என்கிறார் இப்னு ஷத்தாத். அடுத்து அஸ்கலானைக் காக்க வேண்டியிருந்தது. ஸுல்தான் அமீர்களை அழைத்தார். தாங்களோ தங்கள் புதல்வர்களுள் ஒருவரோ எங்களுடன் உள்ளே வந்தால் வருகிறோம், இல்லையேல் அக்காவாசிகளுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேரும் என்று அவர்கள் மறுத்தார்கள். அஸ்கலானின் ஒரு கல்லை இடிப்பதைவிடத் தம் பிள்ளைகளை இழப்பது எளிது என்று வருந்தியபடியே அம்மதிலை ஸுல்தான் தாமே இடிக்கச் செய்தார். ஒரு முற்றுகையில் முறிந்த வாக்கு, எதிரியின் கல்லொன்றும் படாமலேயே மற்றொரு கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டது.

எனவே முற்றுகையைச் செம்மைப்படுத்த விரும்புவோர் முதலில் சேர்க்க வேண்டியது இன்னொரு பீரங்கியையோ இன்னும் அழகாகச் சரியும் மதிலையோ அன்று, நினைவை. ஆடுபவர் கொடுத்த வாக்கையும் காத்த வாக்கையும் முறித்த வாக்கையும் கணினி குறித்துவைக்கட்டும். அடுத்த கோட்டையின் காவலர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கட்டும். வெளியேற்றப்பட்டவர்கள் வரைபடத்தில் எங்கேனும் போய்ச் சேரட்டும். எண்களை வைத்தே இயங்கும் கணினிக்கு இது இயலாத காரியமன்று. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்புவதும் தோல்வி என்று எண்ணப்படாதிருக்கட்டும். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் தாயிஃப் நகரை முற்றுகையிட்டு, வெல்லாமலேயே திரும்பினார்கள். மறு ஆண்டே ஸகீஃப் குலத்தார் தாமாகவே மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். இந்நிகழ்ச்சியை நாம் பார்த்த எந்த விளையாட்டிலும் போட்டுப்பார்த்தால் திரையில் தோல்வி என்றே எழுத்து வரும்.

இவற்றையெல்லாம் ஒரு வியாழன் மாலை அம்மாணவரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி எல்லாருக்கும் அமான் குடுத்துக்கிட்டே போனா ஸூரைப் பிடிக்கவே முடியாதே ஹஜ்ரத்" என்றார். முடியாதுதான். ஸுல்தானும் 1187 நவம்பரில் அங்கே போய்ப் படையிறக்கி, மழையிலும் பனியிலும் ஏறக்குறைய ஏழு வாரம் நின்றுவிட்டு, புத்தாண்டோடு மஞ்சனீக்குகளைப் பிரித்துக்கொண்டு திரும்பிவிட்டார். கொண்டுசெல்ல இயலாதவற்றை எரித்தார்கள்.